கையேட்டில் உள்ளதே அர்த்தம்

அமெரிக்காவில், சான் ரமோனில் ஒரு குழந்தைக்குப் பத்து வயதாகி, பியானோவும் வரவில்லை, நீச்சலும் வரவில்லை, கணக்கும் சுமார்தான் என்று தெரிந்துவிட்டால் பெற்றவர்கள் அதைக் கொண்டுபோய்ப் பேரவையில் சேர்த்துவிடுவார்கள். பேரவை என்றால் மேற்குக்கரை அபூர்வ ஆங்கிலச் சொற்பேரவை. இங்கிலாந்துக்காரன் மறந்துபோன, அமெரிக்காக்காரனுக்குத் தேவைப்படாத ஆங்கிலச் சொற்களையெல்லாம் நம் பிள்ளைகளாவது மனப்பாடம் செய்யட்டும் என்று ஏற்பட்ட அமைப்பு. வருடத்துக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் மட்டும். ஏ-யில் ஆரம்பித்து இருபத்தோரு வருடம் ஓட்டி, இந்த வருடம் வி-க்கு வந்திருந்தார்கள். இசட் முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று புதிதாகச் சேர்ந்த ஒரு தகப்பன் கேட்டாராம். அடுத்த வருடம் அவரை யாரும் பார்க்கவில்லை.

சேனாபதி அப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. காங்கேயத்துக்காரர். ஊரில் சேனாபதி என்று பெயர் வைத்தார்களே தவிர, அவர் எந்தச் சண்டைக்கும் போனதில்லை. பக்கத்து அலுவலக வளாகத்தில், ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் எழுதும் ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை மேலே அனுப்பினால், ‘இது தப்பு இல்லை, டிசைனே அப்படித்தான்’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். பதினோரு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற மனிதர் வாயைத் திறப்பாரா? கார்டு வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வீட்டில் மனைவி மரகதம், பதினொரு வயது மகள் ஓவியா. அவ்வளவுதான் அவர் உலகம்.

ஓவியாவுக்குப் பேரவை பிடித்திருந்தது. அதுதான் ஆச்சரியம். மற்ற பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் கோச்சிங் வகுப்புக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறும்போது, இது மட்டும் பேரவை கொடுத்த சொற்கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வரும். போன வருடம் அரையிறுதியில் வெளியே போனாள். இந்த வருடம் எப்படியாவது இறுதிச்சுற்று மேடையில் உட்கார வேண்டும் என்று குளியலறைக் கண்ணாடியில் சின்னத் தாளில் எழுதி ஒட்டியிருந்தாள்.

பேரவையின் சடங்குகளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேரும்போது பெற்றோர் உறுதிமொழி உண்டு. வலது கையைத் தூக்கி, ‘என் குழந்தை மேடையில் அழுதாலும் நான் எழுந்து நிற்க மாட்டேன், நடுவரை முறைக்க மாட்டேன், பக்கத்துக் குழந்தைக்குச் சளி பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். போட்டியில் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்வரிசை, சமோசா. பிள்ளை தோற்றால் தூணுக்குப் பின்வரிசை, வெறும் தண்ணீர் பாட்டில். எல்லாவற்றுக்கும் மேலே விதி ஏழு. கையேட்டில் உள்ளதே அர்த்தம். வேறு அகராதி எதையும் குழந்தைகளோ பெற்றோரோ திறக்கக் கூடாது. முன்பு எப்போதோ இரண்டு அகராதிகளை வைத்துக்கொண்டு இரண்டு அப்பாக்கள் பார்க்கிங்கில் கட்டிப் புரண்டார்களாம். அன்றிலிருந்து உலகத்தின் அகராதிகளுக்கெல்லாம் பேரவைக்குள் தடை.

அரையிறுதி நாள் வந்தது. மேடையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். சரியான பதிலுக்குக் கோயில் மணி. தவறான பதிலுக்கு கர்ரென்று ஒரு பஸ்ஸர். தலைமை நடுவர் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி, பட்டுப்புடவையில், கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஷ்ரேயஸ் என்ற பையன். போன இரண்டு வருட சாம்பியன். அவனுக்கு வந்த சொல் ‘வாலெட்யூடினேரியன்’. பையன் கண்ணை மூடினான். மூச்சை இழுத்துவிட்டு, “இருபது வருட அனுபவம். வீடு வாங்கவும் விற்கவும் கஜனை அழையுங்கள். இலவச மதிப்பீடு” என்றான். மணி அடித்தது. அரங்கமே கைதட்டியது. அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேனாபதியும் தட்டினார், ஆனால் உள்ளுக்குள் என்னவோ நெருடியது. ஆங்கிலத்தில் இப்படியும் ஒரு சொல் இருக்கிறதா? இருக்கும், நமக்கென்ன தெரியும், காங்கேயத்தில் இதெல்லாம் எங்கே சொல்லிக்கொடுத்தார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

அடுத்தது ஓவியா. அவளுக்கு வந்த சொல் ‘வீனல்’.

ஓவியா வாயைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் தெளிவாகச் சொன்னாள்: “காசு வாங்கிக்கொண்டு தவறான காரியத்துக்குத் துணை போகிற ஆள். லஞ்சத்துக்கு விலைபோகிறவர்.”

பஸ்ஸர் அலறியது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார். “யாரும்மா உங்கிட்ட சொன்னது? யாரு காசு வாங்கினா? மேடையில நின்னு ஜட்ஜஸ் மேல இப்படிப் பழி போடலாமா?” முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்பான்சர், அதே ரியல் எஸ்டேட் கஜன், “பிள்ளை என்னைப் பாத்துத்தான் சொல்லுது” என்று எழுந்துவிட்டார். யாரும் கேட்காமலே மூன்று நிர்வாகிகள், தாங்கள் எதுவும் வாங்கவில்லை என்று எழுந்து நின்று சொன்னார்கள். பத்து நிமிடத்தில் சேனாபதியும் மரகதமும் தூணுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

காரில் ஓவியா அழவில்லை. “அப்பா, புக்லெட் ஆன்சர் எனக்குத் தெரியும். ‘சலிப்பூட்டுகிற’. ஐ ஜஸ்ட் குட்ன்ட் சே இட்” என்றாள்.

“தெரிஞ்சும் ஏன் கண்ணு சொல்லல?”

“பிகாஸ் இட்ஸ் நாட் ட்ரூ. ஸ்கூல்ல சோஷியல் ஸ்டடீஸ்ல படிச்சோம். பழைய காலத்து சிட்டி கவுன்சில் ஆளுங்க லஞ்சம் வாங்கினத பத்தி. அந்த வேர்ட் அதுல இருந்துச்சு. மிஸ் எக்ஸ்ப்ளெயின் பண்ணாங்க. அப்பா, புக்லெட் இஸ் ராங்.”

வீட்டுக்கு வந்ததும் சேனாபதி சாப்பாட்டு மேசையில் கையேட்டை விரித்தார். பக்கத்தில் லேப்டாப்பில் அகராதியைத் திறந்தார். விதி ஏழு மீறப்பட்டது. முதல் எட்டுச் சொற்கள் சரி. ஒன்பதாவது வாலெட்யூடினேரியன். அதன் எதிரில் கஜனின் விளம்பரம். உண்மையில் அந்தச் சொல்லுக்கு ‘தனக்கு என்ன நோயோ என்று எந்நேரமும் கவலைப்படுகிறவர்’ என்று பொருள். அது கீழே அடுத்த சொல்லான ‘வேப்பிட்’டின் எதிரில் இருந்தது. வேப்பிட்டின் பொருளான ‘சலிப்பூட்டுகிற’ வீனலுக்கு எதிரில். வீனலின் லஞ்சம் ‘வெனரேட்’டுக்கு எதிரில். வணங்கி மதித்தல் என்று பொருள்படும் வெனரேட்டுக்கு!

டெஸ்டருக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எக்ஸெல்லில் ஒரு பத்தியில் சொல், பக்கத்துப் பத்தியில் பொருள். யாரோ ஒரு புண்ணியவான் ஸ்பான்சர் விளம்பரத்துக்கு இடம் பண்ண, முழு வரிசையையும் நுழைக்காமல், பொருள் பத்தியில் மட்டும் ஒரு கட்டத்தை நுழைத்திருக்கிறார். ஒன்பதாவதிலிருந்து நூற்றெண்பதாவது வரை அத்தனை பொருளும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. கடைசிச் சொல்லான ‘வல்பைன்’ என்பதன் பொருள் ‘நரித்தனமான’. அது ஒட்ட இடமில்லாமல், எதிரில் சொல்லே இல்லாமல், கடைசிப் பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்கியது. கோச்சிங் வகுப்பில் அதற்கு ‘போனஸ் மீனிங்’ என்று பெயர் வைத்து, அதையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

முன்னூறு பிள்ளைகள். அறுநூறு பெற்றோர். ஒரு வருடம். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சேனாபதி அன்றே ஒழுங்காகப் படம் பிடித்து, என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது, எப்படி நேர்ந்தது என்று மூன்று தலைப்பில் எழுதி, பேரவைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் ‘தவறாக நினைக்க வேண்டாம்’ என்றும் சேர்த்தார். பழக்கதோஷம். இரண்டு நாளில் பதில் வந்தது: ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. கையேடு மூன்றடுக்குச் சரிபார்ப்புக்கு உட்பட்டது. தங்கள் முறையீடு தீர்க்கப்பட்டதாகக் கருதி மூடப்படுகிறது.’ அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு, சேவை எப்படி இருந்தது என்று வேறு கேட்டிருந்தார்கள்.

அவர் இரண்டாவது முறை எழுதியதும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதே அலுவலக வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் ஒரு கான்ஃபரன்ஸ் அறை. நீள மேசை. அந்தக் கோடியில் பேரவைத் தலைவர் சுவாமிநாதன், ஆன்ட்டி, கஜன். இந்தக் கோடியில் சேனாபதி தனியாக.

சுவாமிநாதன் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார். “சேனாபதி, நீங்க டெஸ்டர். உங்களுக்கு எதைப் பாத்தாலும் தப்பாத் தெரியும். அது ப்ரொஃபெஷனல் ப்ராப்ளம். நாங்க மூணு லெவல்ல ரெவ்யூ பண்ணியிருக்கோம். முதல் லெவல் ஃபான்ட் சைஸ். ரெண்டாவது பேஜ் நம்பர். மூணாவது ஸ்பான்சர் லோகோ.”

“அர்த்தத்த யாரு பாத்தாங்க சார்?”

“அர்த்தம்தான் கையேட்டுலயே இருக்கே. அத எதுக்குத் தனியாப் பாக்கணும்?”

“டிக்ஷனரில வேற மாதிரி இருக்குதுங்களே.”

“டிக்ஷனரி!” சுவாமிநாதன் நாற்காலியில் சாய்ந்தார். “அத யாரு போட்டாங்க? அவங்க நம்ம மெம்பரா? இத்தனை வருஷத்துல எந்த டிக்ஷனரியாவது நம்மகிட்ட வந்து அஃபிலியேஷனுக்கு அப்ளை பண்ணியிருக்கா? நாளைக்கே அப்ளை பண்ணட்டும், கமிட்டி போட்டு கன்சிடர் பண்றோம். ஒரு குழந்தை தப்பாக் கத்துக்கிட்டா அது தப்பு. முன்னூறு குழந்தைங்க ஒரே மாதிரி கத்துக்கிட்டா அது ஸ்டாண்டர்ட், சேனாபதி.”

கஜனும் சேர்ந்துகொண்டார். “அண்ணை, என்ட பேரை முன்னூறு பிள்ளையள் பாடமாக்கி வச்சிருக்கினம். அதை இப்ப பிழை எண்டு சொன்னா அந்தப் பிள்ளையளின்ட மனசு என்ன பாடுபடும்? என்னை விடுங்கோ. பிள்ளையளை யோசியுங்கோ.” ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது போலத்தான்.

சேனாபதி கடைசியாக ஒன்று கேட்டார். “ஏனுங்க, இந்தப் புள்ளைங்க வளந்து எங்கயாவது இந்த வார்த்தைய யூஸ் பண்ணுனா அசிங்கப்பட்டுப் போயிருமேங்க?”

மேசையின் அந்தக் கோடியில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு அபாயத்தை அவர்கள் யோசித்ததே இல்லை. அப்புறம் ஆன்ட்டி நிதானமாகச் சொன்னார். “யூஸ் பண்றதா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு குழந்தைகூட எந்த வார்த்தையையும் யூஸ் பண்ணினதா ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல.”

பேரவையின் கருணையையும் காட்டினார்கள். ஓவியாவை இறுதிச்சுற்றில் சேர்த்துக்கொள்வார்கள். நிபந்தனை ஒன்றுதான். இறுதிச்சுற்று தொடங்குமுன் அவள் மேடையேறி, ‘அன்று நான் சொன்னது தவறு, வீனல் என்றால் சலிப்பூட்டுகிற’ என்று சொல்ல வேண்டும். மணி அடிப்பார்கள். போய் நாற்காலியில் உட்காரலாம். மறுத்தால் பதினான்கு வயது வரை தடை. பதினான்கு வயதோடு போட்டியே முடிந்துவிடும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, சொல்லாமலே தெரியும். படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு, குழந்தை கையெழுத்துக்கு ஒரு கோடு. பெற்றோர் அங்கேயே போட வேண்டும், குழந்தை மேடையில் சொல்லி முடித்த பிறகு படிவத்தைக் கொடுத்தால் போதும்.

சேனாபதி, “சரிங்க” என்றார். கையெழுத்துப் போட்டார். பதினோரு வருடம் பழகிய கை, அவரைக் கேட்காமலே போட்டுவிட்டது.

வீட்டில் மரகதம் படிவத்தைப் பார்த்தாள். “ஒரு நிமிஷம் சொல்லிட்டு உக்காந்துட்டா ஃபைனல்ஸ். ஊரோட ஒத்துப் போயிரலாம்ங்க. ரெண்டு வருஷமா உயிரக் குடுத்துப் படிச்சிருக்கா” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிள்ளையின் ஆசை கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே, தினமும் பல் தேய்க்கும்போது பார்க்கிறாளே.

ஓவியா படிவத்தைப் படித்தாள். அப்பாவின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். “நீ சைன் பண்ணிட்டியா?” என்றாள். சேனாபதி தலையை ஆட்டினார். “ஓகே” என்று சொல்லிவிட்டு, தன் கோட்டில் எதுவும் எழுதாமல் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த ‘ஓகே’ சேனாபதியைக் கொன்றுவிட்டது. அவர் சொல்கிற ‘சரிங்க’ எப்படி ஒலிக்கும் என்று இத்தனை வருடத்தில் முதல்முறையாக அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. அவளுக்குப் பதினொரு வயது. இன்னும் எத்தனை வருடம் இதைச் சொல்லப் போகிறாள்? ச்சே, நானே சொல்லிக்கொடுத்துவிட்டேனே என்று அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இறுதிச்சுற்று அன்று அரங்கத்தின் பார்க்கிங்கில் காரை நிறுத்தியதும், அவர் திரும்பி மகளைப் பார்த்தார். “கண்ணு, அப்பா கையெழுத்துப் போட்டது தப்பு. பயந்துட்டுப் போட்டுட்டேன். உள்ள போய் உனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லு. ஃபைனல்ஸ் போனாப் போகட்டும்.” மரகதம் மகளின் முகத்தைப் பார்த்தாள். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அவளே முதலில் இறங்கினாள்.

விழா சுவாமிநாதன் உரையோடு தொடங்கியது. “இன்னிக்கு நான் ரொம்ப வெர்போஸா பேசப்போறேன். இருபத்திரண்டு வருஷமா இந்தப் பேரவைல நான் வெர்போஸாத்தான் இருந்திருக்கேன். என் கமிட்டில இருக்கற ஒவ்வொருத்தரும் வெர்போஸ். வெர்போஸா இல்லாத ஆளுக்கு இங்க எடமே கிடையாது.” கையேட்டின்படி வெர்போஸ் என்றால் உண்மையே பேசுகிற குணம். அகராதியின்படி, ஒரு வார்த்தை போதுகிற இடத்தில் நூறு வார்த்தை கொட்டுவது. ஐம்பது நிமிடம் பேசினார். சமோசா ஆறிப்போயிற்று.

அப்புறம் ஓவியாவைக் கூப்பிட்டார்கள். பதினாறாவது நாற்காலி காலியாக, அவள் பெயர் ஒட்டித் தயாராக இருந்தது. ஆன்ட்டி மணியின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “சொல்லும்மா. வீனல்” என்றார்.

ஓவியா அந்த நாற்காலியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆசை இல்லாமலா? பிறகு மைக்கிடம் திரும்பினாள்.

“வீனல். லஞ்சத்துக்கு விலைபோகிற.”

பஸ்ஸர். அது ஓயும்வரை பொறுமையாக நின்றாள். ஓய்ந்ததும், “வெனரேட். வணங்கி மதித்தல்” என்றாள். பஸ்ஸர். “வெராசிட்டி. உண்மைத்தன்மை.” பஸ்ஸர். “வெர்போஸ். வளவளவென்று பேசுகிற.” இந்தத் தடவை பஸ்ஸர் அடிக்கவில்லை, அடிக்க வேண்டிய தன்னார்வலர் சிரித்துவிட்டார். பார்க்கக் கூடாத அகராதியை அந்த வாரம் முழுக்க அவள் பார்த்திருக்கிறாள். நூற்றெண்பது சொல்லும் வரிசையாக நாக்கில் நின்றது.

“மைக்க ஆஃப் பண்ணுங்க!” என்றார் சுவாமிநாதன். ஆஃப் செய்தார்கள். ஓவியா மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று, சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். “வெர்னல். வசந்த காலத்துக்குரிய.” நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கையேட்டைத் திறந்து, பென்சிலை எடுத்துத் திருத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்கள் அம்மாக்கள் கீழேயிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுவாமிநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. “சேனாபதி! என்ன சார் இது? உங்க பொண்ண நிறுத்துங்க. நீங்க உறுதிமொழி எடுத்திருக்கீங்க. சைன் பண்ணியிருக்கீங்க!”

சேனாபதி எழுந்தார். எழுந்து நிற்க மாட்டேன் என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்த மனிதர், நின்றார்.

“நிறுத்தறேனுங்க. அவ சொன்னதுல எது தப்புன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நானே மேடையேறிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தர்றேன்.”

சுவாமிநாதன் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி கையேட்டைப் பார்த்தார். ஃபான்ட் பார்த்தவர் பக்க எண் பார்த்தவரையும், பக்க எண் பார்த்தவர் லோகோ பார்த்தவரையும் பார்த்தார்கள். தப்பு என்று சொல்ல வேண்டுமானால் எது சரி என்று ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும். முன்வரிசையில் சமோசாவோடு இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, தூணுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

“சொல்லுங்க சார்,” என்றார் சேனாபதி. “காத்துட்டிருக்கேன்.”

ஓவியா கொஞ்ச நேரம் அவர்களுக்காகப் பொறுத்தாள். அப்புறம் அடுத்த சொல்லுக்குப் போனாள்.